நியூயார்க்கில் யூதவியலும் லிபரல் ஆர்ட்ஸும்: லிஸ்ட் கல்லூரியின் இரட்டைப் பட்டப்படிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதை எழுதும் நான் யூதன் அல்லன். பழைய நூல்களை உரையோடு சேர்த்துப் படிக்கும் பழக்கத்தில் வளர்ந்தவன். வேறொரு சமூகம் தன் பழைய நூல்களை இன்றைய கல்லூரிப் படிப்போடு எப்படிச் சேர்த்து வைத்திருக்கிறது என்று தேடப் போய் இந்தப் படிப்பைப் பற்றித் தெரிந்துகொண்டேன். நண்பர்களும் மாணவர்களும் இதுபற்றி என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

லிஸ்ட் கல்லூரி என்பது என்ன?

நியூயார்க் நகரில், மன்ஹாட்டனின் வடபகுதியில், பிராட்வேயும் 122ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் ஜூயிஷ் தியாலஜிக்கல் செமினரி என்ற யூத இறையியல் கல்விக்கூடம் இருக்கிறது. 1886இல் தொடங்கிய நிறுவனம். அதன் இளங்கலைப் பிரிவுதான் லிஸ்ட் கல்லூரி. 1909இல் மோர்டெகாய் கப்லானின் தலைமையில் ஆசிரியர் பயிற்சிக் கழகமாகத் தொடங்கியது இப்பிரிவு. 1980களில் ஆல்பர்ட் லிஸ்ட் என்பவரின் பெயரைப் பெற்றது.

இங்கே சேரும் மாணவர், ஆறு தெரு தள்ளி இருக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெனரல் ஸ்டடீஸ் கல்லூரியிலோ பர்னார்ட் மகளிர் கல்லூரியிலோ இன்னொரு பட்டத்துக்கும் சேர்ந்து படிக்கிறார். முடிக்கும்போது கையில் இரண்டு பட்டங்கள் இருக்கும். செமினரியில் விவிலியம், தல்மூத் என்ற பழைய சட்ட விவாதத் தொகுப்பு, யூத வரலாறு, யூதச் சிந்தனை, யூத இலக்கியம் போன்ற ஒன்றை முதன்மைப் பாடமாக எடுப்பார்கள். தெற்கே உள்ள கல்லூரியில், லிபரல் ஆர்ட்ஸ் எனப்படும் பரந்த பொதுக் கல்வியில், பொருளாதாரமோ உயிரியலோ நாடகமோ, விரும்பியதைப் படிக்கலாம்.

இரண்டு பட்டம் எதற்கு? ஒரே கல்லூரியில் இரண்டையும் படித்துவிடக் கூடாதா?

படிக்கலாம். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் யூதவியலை முதன்மைப் பாடமாக எடுக்க முடியும். பாஸ்டனுக்கு அருகே 1948இல் தொடங்கிய பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே பெரிய துறை உண்டு.

ஆனால் அங்கெல்லாம் யூதவியல் என்பது பலவற்றுள் ஒரு துறை. சில தாள்களோடு முடிந்துவிடும். லிஸ்ட் கல்லூரியில் அது முழுப் பட்டம். மூலமொழியிலேயே ஆண்டுக்கணக்கில் வாசிக்க நேரம் கிடைக்கிறது. அதற்காக மறுபக்கத்தில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதும் இல்லை. இரண்டையும் கலந்து ஒரே பாடத்திட்டமாக ஆக்காமல் தனித்தனியாகவே விட்டிருப்பதுதான் இந்தப் படிப்பின் பலம் என்பது என் எண்ணம். வடக்கே ஒரு வகுப்பில் எபிரேயத்தில், இடைக்கால உரையாசிரியர் ராஷியின் உரையோடு ஆதியாகமம் வாசிக்கிறார் ஒரு மாணவர். கொலம்பியாவின் புகழ்பெற்ற இலக்கியப் பாடத்தையும் அவர் எடுத்திருந்தால், அதே ஆதியாகமத்தை ஆங்கில மொழிபெயர்ப்பில், ஹோமருக்குப் பக்கத்தில் வைத்து வாசிப்பார். அது 1937இலிருந்து நடந்துவரும் பாடம். இரண்டு ஆசிரியர்களும் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. இரண்டு வாசிப்புகளும் அந்த மாணவரின் தலைக்குள்தான் சந்திக்கின்றன.

யூதர்கள் இதற்கெனத் தனிக் கல்லூரி தொடங்கியது ஏன்?

பல்கலைக்கழகங்கள் இடம் தரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் லியோபோல்ட் சுன்ஸ் போன்ற இளைஞர்கள் யூத நூல்களை நவீன ஆய்வுமுறையில் படிக்கத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தில் அதற்கொரு பேராசிரியர் பதவி வேண்டும் என்று சுன்ஸ் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. அதனால் அந்த ஆய்வு செமினரிகளில் வளர்ந்தது. 1854இல் பிரெஸ்லாவில் தொடங்கிய செமினரிதான் நியூயார்க் செமினரிக்கு முன்மாதிரி.

நியூயார்க்கில் இதைத் தொடங்கியவர்கள் சபாட்டோ மொரைஸ், பெரைரா மெண்டிஸ் என்ற இரு ரபிகள், அதாவது யூத சமய குருமார்கள். மெண்டிஸ் பணியாற்றிய ஷியரித் இஸ்ரேல் ஜெப ஆலயத்தின் ஓர் அறையில் 1887 ஜனவரியில் முதல் வகுப்பு நடந்தது. 1654இல் பிரேசிலின் ரெசிஃபேயிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்த 23 யூதர்களைத் தன் தொடக்கமாகச் சொல்லும் சபை அது.

கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைத்துவிட்டு இந்தப் படிப்பைப் புகழ்வது நேர்மை ஆகாது. 1920களில் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் பல, குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அதிகமாகச் சேர்வதைக் கண்டு, சேர்க்கையைக் கட்டுப்படுத்தின. கொலம்பியாவும் அவற்றில் ஒன்று. 1928இல் அது புரூக்ளினில் சேத் லோ ஜூனியர் கல்லூரியைத் திறந்தது. யூத மாணவர் பலரை அங்கே அனுப்பிவைத்தார்கள். பின்னாளில் அறிவியல் புனைகதையில் பெயர்பெற்ற ஐசக் அசிமோவ் கல்லூரிப் படிப்பைத் தொடங்கியது அங்கேதான். அதே கொலம்பியாதான் 1930இல் சாலோ பாரோனை யூத வரலாற்றுப் பேராசிரியராக அமர்த்தியது. மேற்குலகின் சமயச் சார்பற்ற பல்கலைக்கழகத்தில் அப்படியொரு பதவி அதுவே முதல். 1947இல் ஜெனரல் ஸ்டடீஸ் கல்லூரி உருவானது. 1950களிலேயே செமினரியோடு கூட்டுப் படிப்பு தொடங்கிவிட்டது. கதவைச் சாத்திய காலத்துக்கும் இரட்டைப் பட்டத்துக்கும் இடையே ஒரு தலைமுறைதான்.

தல்மூத் வகுப்பில் உண்மையில் என்ன நடக்கும்?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல ஆசை.

முதலில் பக்கத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் மிஷ்னா, கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட சட்டச் சுருக்கம். அதைத் தொடர்ந்து அதன்மேல் நடந்த விவாதமாகிய கெமாரா, பெரும்பாலும் அரமேய மொழியில். ஒருபுறம் 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்த ராஷியின் உரை. மறுபுறம் அவருக்குப் பின்வந்தவர்களின் தோசஃபோத் உரை, ராஷியையே மறுக்கும் இடங்களோடு. மூலத்தைச் சுற்றி உரைகள் சண்டையிடும் பக்கம் தமிழில் படித்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. 1520களில் வெனிஸ் நகரில் பாம்பெர்க் அச்சகம் போட்ட தாள் எண்களே இன்றும் எல்லாப் பதிப்புகளிலும் வழங்குகின்றன. உலகில் எங்கே திறந்தாலும் ஒரே எண்ணில் ஒரே வரி.

வாசிப்பதும் தனியாக அல்ல. இருவர் எதிரெதிரே அமர்ந்து, உரக்கப் படித்து, ஒருவர் சொன்ன பொருளை மற்றவர் குடைந்து கேட்பார். இதற்கு ஹவ்ரூதா என்று பெயர். தோழமை என்று பொருள்படும் அரமேயச் சொல். அறை முழுக்கச் சத்தமாக இருக்கும். ஆசிரியரிடம் வருவதற்கு முன்பே அந்த இணை பக்கத்தோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். பாவா மெட்ஸியா என்ற பகுதியில் 59ஆம் தாளின் பின்பக்கம். ஓர் அடுப்பு தீட்டுப்படுமா படாதா என்பது வழக்கு. ரபி எலியேசர் படாது என்கிறார். மற்ற அறிஞர்கள் படும் என்கிறார்கள். அவர் சொன்ன வாதங்கள் எதையும் அவர்கள் ஏற்கவில்லை. "நான் சொல்வது சரியென்றால் இந்தக் கரோப் மரம் காட்டட்டும்" என்கிறார். மரம் பிடுங்கிக்கொண்டு நூறு முழம் தள்ளிப் போகிறது. மரம் சாட்சி ஆகாது என்கிறார்கள். ஓடை பின்னோக்கி ஓடுகிறது. அதுவும் சாட்சி அல்ல. கல்விக்கூடத்துச் சுவர்களே சாய்கின்றன. கடைசியில் வானிலிருந்து ஒரு குரல் எலியேசருக்குச் சாதகமாகப் பேசுகிறது. ரபி யோசுவா எழுந்து நின்று உபாகம வரி ஒன்றை எடுத்துச் சொல்கிறார்: "அது வானத்தில் இல்லை." இறைவன் தந்த சட்டமாகிய தோரா மனிதர் கைக்கு வந்துவிட்டது, பெரும்பான்மையே முடிவு செய்யும் என்று பொருள்.

இந்த இடத்தோடு கதையை நிறுத்தி, யூத மரபின் பகுத்தறிவுக்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் பலர். வகுப்பில் நிறுத்தமாட்டார்கள். அடுத்த வரிகளில் எலியேசரை விலக்கி வைக்கிறார்கள், அவர் தரையில் அமர்ந்து அழுகிறார், பயிர்கள் கருகுகின்றன, அவரை விலக்கிய தலைவர் ரப்பான் கமாலியேலும் இறந்துபோகிறார். இந்தக் கதை தல்மூதில் எங்கே வருகிறது என்று தேடினால் இன்னும் வியப்பு. சொல்லால் பிறரை நோகச் செய்வதைத் தடுக்கும் சட்டத்தின்கீழ் வருகிறது. வாதத்தில் வென்றவர்கள் தோற்றவரை எப்படி நடத்தினார்கள் என்பதுதான் அந்தப் பக்கத்தின் கேள்வி. முன்னும் பின்னும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் வராமல் இது பிடிபடாது. பிற்பகலில் அதே மாணவர் கொலம்பியாவில் பிளேட்டோவின் குடியரசைத் திறந்து, யார் ஆள வேண்டும் என்ற விவாதத்தைப் படிக்கும்போது, காலையில் படித்த அடுப்பும் கூடவே வரும்.

எபிரேயம் தெரியாமல் சேர முடியுமா?

முடியும். யூதப் பள்ளிகளில் படித்து மொழியறிவோடு வருபவர்களும் உண்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் வருபவர்களும் உண்டு. நிலைக்கு ஏற்ற வகுப்பில் போடுவார்கள். ஆனால் தவிர்க்க முடியாது. தொடக்கநிலையில் வருபவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் கடினம்.

ஆய்வுமுறையில் வேதத்தைப் படித்தால் நம்பிக்கை போய்விடாதா?

பெற்றோர் மெல்லிய குரலில் கேட்கும் கேள்வி. ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் படைப்பு இரண்டு முறை, வேறு வேறு வரிசையில் சொல்லப்படுகிறது. ஐந்தாகமங்கள் பல மூலங்களிலிருந்து தொகுக்கப்பட்டவை என்ற ஆய்வை இங்கே வெளிப்படையாகவே கற்பிக்கிறார்கள். 1902இல் தலைமையேற்ற சாலமன் ஷெக்டருக்கே இந்த ஆய்வில் கசப்பு இருந்தது. ஜெர்மானிய விவிலிய ஆய்வுக்குள் யூத வெறுப்பு ஒளிந்திருக்கிறது என்று 1903இல் கடுமையாகப் பேசினார். அவருடைய நிறுவனமே பின்னாளில் அந்த ஆய்வைத் தன் வகுப்புக்குள் கொண்டுவந்தது.

செமினரி யூத சமயத்தின் கன்சர்வேடிவ் பிரிவைச் சேர்ந்தது. சமயச் சட்டம் கட்டுப்படுத்தும், ஆனால் அது வரலாற்றில் மாறிவந்தது, இனியும் மாறலாம் என்பது அவர்கள் நிலைப்பாடு. பெண்களை ரபி படிப்பில் சேர்ப்பது குறித்துப் பல ஆண்டுகள் வாதிட்டு, 1984இல் சேர்த்தார்கள். 1985இல் ஏமி ஐல்பெர்க் இப்பிரிவின் முதல் பெண் ரபியாகப் பட்டம் பெற்றார். 2020இல் செமினரியின் வேந்தராக ஷூலி ரூபின் ஷ்வார்ட்ஸ் என்ற பெண்மணி பொறுப்பேற்றார்.

ஆக, நம்பிக்கை குலையாது என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது. சிலருக்குக் குலைகிறது, சிலருக்கு உறுதிப்படுகிறது. கேள்வி கேட்டபிறகும் ஜெபத்துக்கு வரும் ஆசிரியர்கள் கண்ணெதிரே இருக்கிறார்கள் என்பது பெரிய விஷயம். 1946 முதல் 1972இல் இறக்கும்வரை இங்கே கற்பித்த ஆபிரகாம் யோசுவா ஹெஷல் 1965இல் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக செல்மா நகரில் மார்ட்டின் லூதர் கிங்கோடு நடந்தார். 1967 ஏப்ரல் 4 அன்று கிங் வியட்நாம் போரை எதிர்த்துப் பேசிய ரிவர்சைட் தேவாலயம் செமினரியிலிருந்து நடக்கும் தூரம். அந்த மேடையில் ஹெஷலும் பேசினார். பழைய தீர்க்கதரிசிகளைப் பற்றி ஆராய்ந்தவர் அவர். படித்ததைத் தெருவுக்குக் கொண்டுபோனார்.

இது ரபி ஆவதற்கான படிப்பா?

இல்லை. ரபி பயிற்சி முதுகலை நிலையில் தனிப் பள்ளி. லிஸ்ட் கல்லூரியில் படித்த சிலர் அங்கே போகிறார்கள். பலர் சட்டம், மருத்துவம், ஆசிரியப் பணி, அருங்காட்சியகம், சமூகப் பணி என்று பிரிந்து போகிறார்கள்.

நூலகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்களே?

பேசத்தான் வேண்டும். எபிரேயக் கையெழுத்துப் படிகளுக்கு உலகின் பெரிய நூலகங்களில் ஒன்று இது. ஷெக்டரின் கதையே நூல் தேடிய கதை. கேம்பிரிட்ஜில் இருந்தபோது, 1896இல், ஸ்காட்லாந்தின் இரட்டைச் சகோதரிகள் ஆக்னஸ் லூயிஸும் மார்கரெட் கிப்சனும் கிழக்கிலிருந்து வாங்கிவந்த ஒரு கிழிந்த ஏட்டை அவரிடம் காட்டினார்கள். பென் சீரா என்பவரின் பழைய ஞான நூல் அது. அதன் எபிரேய மூலம் பல நூற்றாண்டுகளாகக் கண்ணில் படாதிருந்தது. அந்த ஆண்டு இறுதியிலேயே கெய்ரோவுக்குப் போனார். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில், கடவுள் பெயர் எழுதிய தாளை எறியக்கூடாது என்று போட்டு வைத்த அறை. அதற்கு கெனிசா என்று பெயர். கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுத் தாள்கள். பெரும்பகுதி கேம்பிரிட்ஜுக்குப் போனது. நியூயார்க் செமினரியும் 1923இல் எல்கன் ஆட்லரின் நூலகத்தை வாங்கியபோது பல்லாயிரம் கெனிசாத் துண்டுகளைப் பெற்றது.

1966 ஏப்ரல் 18 அன்று நூலகக் கோபுரம் தீப்பிடித்தது. ஏறத்தாழ 70,000 நூல்கள் அழிந்தன. அரிய கையெழுத்துப் படிகள் வேறிடத்தில் இருந்ததால் தப்பின. எரியாத நூல்களோ தீயணைத்த தண்ணீரில் ஊறிப்போயின. மாணவர்களும் அக்கம்பக்கத்தவர்களும் திரண்டு வந்து, பக்கத்துக்குப் பக்கம் காகிதத் துவாலை வைத்து உலர்த்தினார்கள். அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். விவிலியத்தில் வரும், எரிந்தும் கருகாத முட்செடிதான் அந்த நிறுவனத்தின் இலச்சினை.

நியூயார்க்கில் படிப்பதால் என்ன கூடுதல்?

நகரமே பாடநூல் போல. 116ஆம் தெருவில் 1ஆம் எண் சப்வே ரயிலில் ஏறி, கீழே 16ஆம் தெருப் பக்கம் போனால் யூத வரலாற்று மையம். அதற்குள் யீவோ ஆய்வு நிறுவனம். 1925இல் வில்னாவில் தொடங்கி, 1940இல் தலைமையகத்தை நியூயார்க்குக்கு மாற்றிக்கொண்ட, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் யித்திஷ் மொழிக்கான பெரும் காப்பகம். இன்னும் கீழே, லோயர் ஈஸ்ட் சைடில், ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் வீடு குடியேறியவர்களின் நெருக்கடியான வாழ்க்கையைக் காட்டும் அருங்காட்சியகம். சற்றுத் தள்ளி 1887இல் கட்டிய எல்ட்ரிட்ஜ் தெரு ஜெப ஆலயம். ஐந்தாவது அவென்யூவில் உள்ள யூத அருங்காட்சியகமே செமினரி நூலகத்துக்கு 1904இல் நன்கொடையாக வந்த 26 பொருட்களிலிருந்து வளர்ந்ததுதான்.

எதிர்வரிசையில் யூனியன் தியாலஜிக்கல் செமினரி, கிறிஸ்தவ இறையியலுக்குப் பெயர்பெற்ற இடம். அங்கே கற்பித்த ரைன்ஹோல்ட் நீபுரும் ஹெஷலும் நெருங்கிய நண்பர்கள். ஊருக்கு வெளியே தனி வளாகத்தில் இந்தப் படிப்பை வைத்திருந்தால் இத்தகைய நட்புகள் பிராட்வேயைக் கடந்தே முளைத்திருக்காது.

பண்டிகை நாட்களிலும் ஓய்வுநாளிலும் என்ன செய்வார்கள்?

செமினரி மூடியிருக்கும், கொலம்பியா திறந்திருக்கும். அதுதான் சிக்கல். செப்டம்பர், அக்டோபரில் புத்தாண்டு, யோம் கிப்பூர் என்ற நோன்பு நாள், கூடாரப் பண்டிகை என்று வரிசையாக வரும்; பருவம் தொடங்கிய சூட்டிலேயே வகுப்புகள் தவறும். சமய நாளுக்காக வராத மாணவருக்கு விடுபட்ட தேர்வையும் பாடத்தையும் ஈடுசெய்ய வாய்ப்புத் தர வேண்டும் என்று நியூயார்க் மாநிலச் சட்டம் இருக்கிறது. இருந்தாலும் பேராசிரியரிடம் முன்கூட்டிப் போய்ச் சொல்வது மாணவர் பொறுப்பு. வெள்ளி சூரிய மறைவிலிருந்து சனி இருட்டும்வரை ஓய்வுநாள். அதைக் கடைப்பிடிப்பவர் அந்த நேரத்தில் எழுதவோ கணினி தொடவோ மாட்டார். இரண்டு பட்டத்தின் வேலையை ஆறு நாளில் முடிக்க வேண்டும் என்பதைச் சேருமுன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

யேஷிவா பல்கலைக்கழகத்திலிருந்து இது எப்படி வேறு?

யேஷிவா பல்கலைக்கழகமும் நியூயார்க்கில்தான். ஆனால் அது மரபுச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவைச் சேர்ந்தது. 1928இல் தொடங்கிய யேஷிவா கல்லூரி ஆண்களுக்கு, வாஷிங்டன் ஹைட்ஸில். 1954இல் தொடங்கிய ஸ்டெர்ன் கல்லூரி பெண்களுக்கு, நகரின் நடுப்பகுதியில். தோராக் கல்வியும் உலகக் கல்வியும் ஒரே நிறுவனத்தின் கூரையின்கீழ். நம்பிக்கையும் நடைமுறையும் ஒத்த சூழலில் படிக்க விரும்புவோருக்கு அது ஏற்றது. லிஸ்ட் கல்லூரியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிறார்கள். உலகக் கல்வி இன்னொருவர் வீட்டில் நடக்கிறது. எது மேல் என்று சொல்ல நான் ஆள் அல்ல.

யூதர் அல்லாத ஒருவருக்கு, குறிப்பாகத் தமிழ் படித்தவருக்கு, இதில் இடம் உண்டா?

லிஸ்ட் கல்லூரியில் படிப்பவர்கள் பெரும்பாலும் யூதர்களே. ஆனால் கொலம்பியாவிலும் பர்னார்டிலும் நடக்கும் யூதவியல் பாடங்களை அங்கே படிக்கும் யாரும் எடுக்கலாம். கொலம்பியாவில் எபிரேயமும் தமிழும் ஒரே துறையில் கற்பிக்கப்படுகின்றன: மத்திய கிழக்கு, தெற்காசிய, ஆப்பிரிக்க ஆய்வுத் துறை.

இரண்டு மொழிகளுக்கும் பழைய உறவும் உண்டு. சாலொமோனின் கப்பல்கள் மயில்களைக் கொண்டுவந்ததாக 1 இராஜாக்கள் 10:22 சொல்கிறது. அங்கே வரும் எபிரேயச் சொல் 'துக்கி'. அது தமிழின் 'தோகை' என்பது கால்டுவெல் 1856இலேயே எடுத்துச் சொன்ன கருத்து. ஏற்பவரும் உண்டு, ஐயுறுபவரும் உண்டு. இன்றைய எபிரேயத்தில் அதே சொல்லுக்குக் கிளி என்று பொருள்! கெனிசாத் தாள்களிலும் இந்தியா வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களும் கணக்குகளும் அங்கே கிடைத்தன.

சேர்க்கையும் செலவும்?

இரண்டு கல்லூரிகளின் ஒப்புதலும் தேவை. கட்டணமும் உதவித்தொகையும் இரண்டு இடத்திலும் தனித்தனி. ஒன்றில் கிடைத்த உதவி மற்றதற்குச் செல்லாது என்று எண்ணியே கணக்குப் போடுங்கள். விடுதி, நியூயார்க் வாழ்க்கைச் செலவு இரண்டும் பெரிது. அந்தந்த ஆண்டுத் தொகையை இரு கல்லூரிகளிலும் நேரடியாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

அவ்வளவு தூரம் போக முடியாது. இருந்த இடத்திலிருந்து இதில் கொஞ்சம் ருசி பார்க்க முடியுமா?

முடியும். செஃபாரியா என்ற இணைய நூலகத்தில் விவிலியம், மிஷ்னா, தல்மூத், ராஷி எல்லாம் மூலத்தோடும், பெரும்பாலானவை ஆங்கில மொழிபெயர்ப்போடும் இலவசமாக இருக்கின்றன. பாவா மெட்ஸியா 59ஆம் தாளின் பின்பக்கத்தைத் திறங்கள். ஆனால் 58ஆம் தாளின் பின்பக்கத்திலிருந்தே தொடங்குங்கள், சொல்லால் நோகச் செய்வது பற்றிய சட்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கூட ஒரு நண்பரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி நீங்கள், ஒரு வரி அவர், உரக்க.